18 வயதில் கணவரை இழந்தவர். இந்தியாவின் முதல் பெண் மின் பொறியாளர் ஆனவர்: அ.லலிதாவின் வாழ்க்கை வரலாறு

ஹைதராபாத்: ஒரு மின்கம்பியின் இரு முனைகளுக்கு இடையே எவ்வளவு மின்னழுத்தம் உள்ளது, அதன் வழியே எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது என்ற இரண்டு அளவுகள் தெரிந்தால் போதும், அக்கம்பியின் மின்தடையையும் அது செலவிடும் மின்திறனையும் கண்டறிந்துவிடலாம். இன்று பள்ளி மாணவர் எவரும் அறிந்துள்ள இந்தக் கணக்கை ஒரு பெண் கல்லூரிக்குச் சென்று கற்பது நினைத்துப் பார்க்கவும் இயலாததாக இருந்த காலம் ஒன்று உண்டு. அக்காலத்தில், கைக்குழந்தையுடன் கணவரை இழந்து நின்ற இளம்பெண் ஒருவர், கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் பயின்று, பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்பாதைகளை வடிவமைக்கும் பணியில் பங்கேற்றார். அவர்தான் இந்தியாவின் முதல் பெண் மின் பொறியாளராகப் போற்றப்படும் அய்யலசோமயாஜுல லலிதா.

பொறியாளர்கள் நிறைந்த வீடு: 1919ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் தேதி அன்றைய மதராஸ் நகரில், தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட நடுத்தரக் குடும்பத்தில் லலிதா பிறந்தார். ஏழு குழந்தைகளில் அவர் ஐந்தாமவர். தந்தை பப்பு சுப்பா ராவ், கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியராகப் பணியாற்றினார். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கப்பட்டுப் பின்னர் கல்லூரியாக வளர்ந்த அந்நிறுவனம், நாட்டின் மிகப் பழமையான பொறியியல் கல்வி நிலையங்களுள் ஒன்று.

லலிதாவின் சகோதரர்கள் பொறியியல் கற்றனர். சகோதரிகளுக்கோ அடிப்படைக் கல்வியுடன் திருமணம் என்பதே அன்றைய வழக்கமாக இருந்தது. லலிதாவும் அவ்வழக்கத்துக்கு விலக்கல்ல. 15ஆவது வயதில் அவருக்குத் திருமணம் நடைபெற்றது. எனினும், மணமான பிறகும் மகள் 10ஆம் வகுப்பு வரை படிக்க வேண்டும் என்பதில் தந்தை உறுதியாக இருந்தார். பிற்காலத்தில் லலிதா மீண்டும் கல்வியைத் தொடர அந்தப் பள்ளிப் படிப்பே துணை நின்றது.

நான்கு மாதக் குழந்தையுடன்: லலிதாவுக்கு 18 வயதானபோது கணவர் காலமானார். பிறந்து நான்கே மாதங்கள் ஆன பெண் குழந்தை அவர் கையில் இருந்தது. கைம்பெண்கள் மங்கல நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கி வைக்கப்பட்டு, வீட்டின் ஒரு மூலையில் வாழ்நாளைக் கழிக்க வேண்டும் என்று சமூகம் எதிர்பார்த்த காலம் அது. மறுமணம் என்பது மிக அரிதாகவே நிகழ்ந்தது. சொந்த வருவாய் இல்லாத பெண்ணும் அவரது குழந்தையும் உறவினரின் தயவையே நம்பி வாழ வேண்டியிருந்தது.

தந்தையின் இல்லத்துக்குத் திரும்பிய லலிதா, வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். தன்னையும் மகளையும் காக்கக்கூடிய ஒரு தொழிலைக் கற்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். மதராஸ் ராணி மேரி கல்லூரியில் இடைநிலை வகுப்பில் சேர்ந்து, முதல் வகுப்பில் தேர்ச்சி பெற்றார்.

அக்காலத்தில் உயர்கல்வி கற்ற பெண்களுக்குப் பெரும்பாலும் திறந்திருந்த வாயில்கள் ஆசிரியப் பணியும் மருத்துவமும்தான். மருத்துவம் குறித்து லலிதாவும் எண்ணிப் பார்த்தார். ஆனால், நள்ளிரவிலும் நோயாளியைக் காணச் செல்ல வேண்டிய தொழில் அது. குழந்தையைத் தனியே விட்டுச் செல்ல அவர் விரும்பவில்லை. காலையில் சென்று மாலையில் வீடு திரும்பக்கூடிய பணியே அவருக்குத் தேவைப்பட்டது. தந்தையும் சகோதரர்களும் காட்டிய பொறியியல் துறை அவரது கண்முன் இருந்தது.

மின்சாரம் பரவத் தொடங்கிய காலம்: அந்த ஆண்டுகளில் மதராஸ் மாகாணத்தில் மின்சாரம் வேகமாகப் பரவி வந்தது. நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியிருந்தது. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையிலிருந்தும் பின்னர் மின் உற்பத்தி தொடங்கியது. கோவையின் பஞ்சாலைகள் நீர்மின்சாரத்தால் சுழன்றன. மலையில் பிறக்கும் மின்சாரத்தைச் சமவெளியின் ஆலைக்கும் கிணற்றுக்கும் கொண்டு சேர்க்க மின்பாதைகளும் துணை மின் நிலையங்களும் தேவைப்பட்டன. அவற்றை வடிவமைக்கத் தெரிந்தவர்களோ சொற்பமாகவே இருந்தனர்.

ஆயினும், கிண்டி கல்லூரியில் அதுவரை ஒரு பெண்கூடப் பயின்றதில்லை. பெண்களைச் சேர்க்கலாம் என்ற விதியோ, அவர்களுக்கான விடுதியோ அங்கு இல்லை. மகளின் விருப்பத்தை அறிந்த சுப்பா ராவ், கல்லூரி முதல்வர் கே.சி.சாக்கோவிடமும், மாகாணப் பொதுக்கல்வி இயக்குநர் ஆர்.எம்.ஸ்டேதமிடமும் முறையிட்டார். இருவரும் ஒப்புதல் அளித்தனர். நூற்றுக்கணக்கான ஆண்கள் பயின்ற கல்லூரியில் ஒரே பெண்ணாக லலிதா அடியெடுத்து வைத்தார்.

தனிமைக்குத் துணை வந்த இருவர்: சக மாணவர்கள் லலிதாவை மரியாதையுடன் நடத்தினர். ஆனாலும், விடுதியில் பெண் துணையின்றி வாழ்வது எளிதாக இல்லை. வார இறுதிகளில் மட்டுமே அவர் வீட்டுக்குச் சென்று மகளைக் காண முடிந்தது. மகளின் தனிமையை உணர்ந்த சுப்பா ராவ், பெண்களுக்கும் சேர்க்கை உண்டு என்பதைக் கல்லூரி விளம்பரப்படுத்த வேண்டும் என்று வலியுறுத்தினார். அதன் பயனாக, அடுத்த ஆண்டே லீலாம்மா ஜார்ஜ், பி.கே.திரேசியா ஆகிய இருவர் கட்டடப் பொறியியல் பிரிவில் சேர்ந்தனர்.

லலிதா அவ்விருவருக்கும் ஓராண்டு மூத்தவர். இரண்டாம் உலகப் போரின் காரணமாகப் படிப்புக் காலம் சில மாதங்கள் குறைக்கப்பட்டதால், மூவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பட்டம் பெற்று வெளியேறினர். அவர்களுக்கு வழங்கப்பட்ட சான்றிதழ்களில் பட்டதாரியை ஆணாகக் கருதும் சொல்லே அச்சிடப்பட்டிருந்தது. பெண் ஒருவர் அந்தப் பட்டத்தைப் பெறுவார் என்று எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. அதிகாரிகள் அச்சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டு, பெண்பாலைக் குறிக்கும் சொல்லை மேலே எழுதிக் கொடுத்தனர். மூவருள் ஒருவரான திரேசியா, பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார்.

லலிதா கற்ற அடிப்படைக் கணக்கு: மின் பொறியியல் மாணவர் முதலில் கற்பது, ஜெர்மனியைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் சைமன் ஓம் 1827இல் வெளியிட்ட விதியாகும். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும். மின்னழுத்தம் வோல்ட்டிலும், மின்னோட்டம் ஆம்பியரிலும், மின்தடை ஓமிலும், மின்திறன் வாட்டிலும் அளக்கப்படுகின்றன.

எடுத்துக்காட்டாக, 230 வோல்ட்டில் இயங்கும் ஓர் இஸ்திரிப் பெட்டி 5 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது என்று கொள்வோம். 230ஐ 5ஆல் வகுத்தால் 46. அதாவது, அதன் சூடேற்றும் கம்பியின் மின்தடை 46 ஓம். 230ஐ 5ஆல் பெருக்கினால் 1,150. அதாவது, அது செலவிடும் மின்திறன் 1,150 வாட். அந்தப் பெட்டி ஒரு மணி நேரம் தொடர்ந்து சூடேறினால் 1.15 யூனிட் மின்சாரம் செலவாகும்.

இக்கணக்கில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. 60 வாட் குண்டு பல்பு 230 வோல்ட்டில் எரியும்போது சுமார் 0.26 ஆம்பியர் மின்னோட்டம் பாயும். அப்போது அதன் மின்தடை ஏறத்தாழ 880 ஓம். அணைந்து குளிர்ந்துள்ள அதே பல்பை மின்தடைமானியால் அளந்தால், இதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே காட்டக்கூடும். உலோக இழை சூடேறும்போது அதன் மின்தடை உயர்வதே இதற்குக் காரணம். எனவே, இயங்கும் நிலையில் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளந்து கணக்கிடுவதே உண்மை நிலையைக் காட்டும்.

மின்விசிறி, நீர் இறைக்கும் மோட்டார் போன்றவற்றுக்கு இந்த எளிய பெருக்கல் மட்டும் போதாது. மாறுதிசை மின்சாரத்தில் இயங்கும் அவற்றில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே கணத்தில் உச்சத்தை எட்டுவதில்லை. அந்த வேறுபாட்டைக் குறிக்கும் திறன் காரணி என்ற எண்ணையும் சேர்த்துப் பெருக்கிய பின்னரே உண்மையான மின்திறன் கிடைக்கும்.

ஜமால்பூரிலிருந்து சிம்லாவுக்கு: படிப்பை முடித்த லலிதா, இன்றைய பீகார் மாநிலத்தில் உள்ள ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் செயல்முறைப் பயிற்சி பெற்றார். பின்னர், சிம்லாவில் இயங்கிய மத்திய தர நிர்ணய அலுவலகத்தில் பொறியியல் உதவியாளராகப் பணியில் சேர்ந்தார். சகோதரரின் குடும்பத்துடன் தங்கியிருந்தமையால் மகளும் உடன் வளர முடிந்தது. இந்தக் காலத்தில் லண்டன் மின் பொறியாளர் கழகத்தின் பட்டத் தேர்வையும் அவர் எழுதினார்.

1946ஆம் ஆண்டின் இறுதியில் அப்பணியிலிருந்து விலகி, தந்தையின் ஆய்வுகளுக்குச் சில மாதங்கள் துணை நின்றார். மின்சாரத்தால் இயங்கும் இசைக்கருவி, புகையில்லா அடுப்பு, மின் சுடர்க் கருவி ஆகியவற்றை உருவாக்கும் முயற்சிகளில் சுப்பா ராவ் அப்போது ஈடுபட்டிருந்தார். ஆய்வில் மனம் ஈடுபட்டாலும், குடும்பத்தை நடத்த நிலையான வருவாய் தேவைப்பட்டது. ஆகவே, 1948இல் லலிதா கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்.

கல்கத்தாவில் முப்பது ஆண்டுகள்: பிரிட்டனைச் சேர்ந்த அசோசியேட்டட் எலெக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனத்தின் கல்கத்தா அலுவலகத்தில் அவர் பொறியாளராகச் சேர்ந்தார். மற்றொரு சகோதரரின் குடும்பம் அந்நகரில் வசித்தது. லலிதா அலுவலகம் சென்ற பொழுதுகளில் அக்குடும்பமே அவரது மகளைப் பார்த்துக்கொண்டது. வேலைக்குச் செல்லும் தாய்க்குச் சமூகம் எந்த ஏற்பாடும் செய்து தராத அக்காலத்தில், உறவினரின் இந்த அரவணைப்பே அவரது தொழில் வாழ்வின் அடித்தளமாக அமைந்தது.

விடுதலை பெற்ற இந்தியா பெரும் அணைகளையும் மின் நிலையங்களையும் எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. மின்பாதைகளை வடிவமைத்தல், துணை மின் நிலையங்களின் அமைப்பைத் திட்டமிடுதல், பாதுகாப்புக் கருவிகளைத் தேர்ந்தெடுத்தல், ஒப்பந்தங்களை நிறைவேற்றுதல் ஆகியவை லலிதாவின் பொறுப்புகளாயின. அவர் பங்களித்த திட்டங்களுள் பக்ரா நங்கல் முதன்மையானது. சட்லஜ் ஆற்றின் குறுக்கே சுமார் 226 மீட்டர் உயரத்தில் எழுந்த பக்ரா அணை, 1963 அக்டோபரில் அன்றைய பிரதமர் ஜவாஹர்லால் நேருவால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

மின்பாதையில் உயர் மின்னழுத்தம் ஏன்?: மலையடிவாரத்தில் உற்பத்தியாகும் மின்சாரம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவுக்குச் செல்ல வேண்டும். வழியில் கம்பியின் மின்தடை ஒரு பகுதியை வெப்பமாக மாற்றி வீணாக்கும். இந்த இழப்பைக் கட்டுப்படுத்துவதே மின்பாதைப் பொறியாளரின் முதல் கவலை. மின்னோட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, பின்னர் மின்தடையால் பெருக்கினால் கிடைப்பதே இழப்பின் அளவு.

எளிமைக்காக, 10 ஓம் மின்தடை கொண்ட ஒரு மின்பாதையில் 22,000 கிலோவாட் மின்திறனை அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 22,000 வோல்ட்டில் அனுப்பினால் 1,000 ஆம்பியர் மின்னோட்டம் பாயும். 1,000ஐ 1,000ஆல் பெருக்கி, 10ஆல் பெருக்கினால் இழப்பு 10,000 கிலோவாட். ஏறத்தாழ பாதி மின்சாரம் வழியிலேயே வீணாகிவிடும். அதையே 2,20,000 வோல்ட்டில் அனுப்பினால் 100 ஆம்பியர் போதும். அப்போது இழப்பு 100 கிலோவாட் மட்டுமே. மின்னழுத்தம் பத்து மடங்கு உயர்ந்தால் இழப்பு நூறில் ஒரு பங்காகக் குறைகிறது. நடைமுறையில் மும்முனை மின்பாதைகளுக்கான கணக்கு இதைவிடச் சிக்கலானது என்றாலும், அடிப்படை இதுவே.

மின்னழுத்தத்தை உயர்த்துவதற்கும் விலை உண்டு. கம்பிகளுக்கு இடையே இடைவெளி கூட வேண்டும். கோபுரங்கள் உயர வேண்டும். பீங்கான் காப்பான்களின் எண்ணிக்கை பெருக வேண்டும். கம்பி தடித்தால் மின்தடை குறையும். ஆனால் உலோகச் செலவும் எடையும் கூடும். இவற்றுக்கு இடையே சரியான அளவைக் கண்டறிவதே வடிவமைப்பாளரின் திறமை.

விபத்தைக் கண்டறியும் கணக்கு: லலிதா பணியாற்றிய மற்றொரு துறையான பாதுகாப்புக் கருவிகளிலும் இதே வகுத்தல் கணக்கு பயன்படுகிறது. மரம் விழுந்தோ, இடி தாக்கியோ மின்பாதையில் பழுது ஏற்பட்டால், மின்னோட்டம் திடீரெனப் பன்மடங்கு உயரும், மின்னழுத்தம் சரியும். தொலைவு ரிலே எனப்படும் கருவி, இவ்விரண்டின் விகிதத்தைக் கொண்டு பழுதின் இடத்தை மதிப்பிடுகிறது.

பழுது ஏற்பட்ட கணத்தில் மின்னழுத்தம் 40,000 வோல்ட்டாகவும், மின்னோட்டம் 5,000 ஆம்பியராகவும் இருந்தால், விகிதம் 8 ஓம். மாறுதிசை மின்சாரத்துக்கு அந்த மின்பாதை கிலோமீட்டருக்கு 0.4 ஓம் எதிர்ப்பைத் தருமெனில், பழுது 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்று பொருள். பழுது தனது எல்லைக்குள் இருந்தால், ரிலே நொடிப்பொழுதில் மின்பாதையைத் துண்டிக்கும். எல்லைகள் தவறாக வகுக்கப்பட்டால், பழுதே இல்லாத ஊர்களும் இருளில் மூழ்கும், அல்லது துண்டிக்கப்பட வேண்டிய பாதை துண்டிக்கப்படாமல் மின்மாற்றிகள் எரியும், உயிர்களும் பறிபோகும்.

வீட்டில் உள்ள பியூஸ் செய்வதும் ஏறத்தாழ இத்தகைய காவல் பணியே. 230 வோல்ட் இணைப்பில் குறுக்குச் சுற்று ஏற்பட்டு மின்தடை அரை ஓமாகக் குறைந்தால், 460 ஆம்பியர் பாயக்கூடும். சுவருக்குள் உள்ள கம்பி தீப்பற்றுமுன் பியூஸ் உருகி இணைப்பைத் துண்டிக்கிறது. பியூஸுக்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் சுற்றி வைப்பது, இக்காவலை நீக்குவதற்குச் சமம்.

உலக அரங்கில் ஓர் இந்தியப் பெண்: லலிதாவின் பணிக்கு அங்கீகாரம் படிப்படியாக வந்தது. லண்டன் மின் பொறியாளர் கழகம் 1953இல் அவரை இணை உறுப்பினராகவும், 1966இல் முழு உறுப்பினராகவும் ஏற்றது. 1964 ஜூன் மாதம் நியூயார்க்கில் நடைபெற்ற பெண் பொறியாளர்கள் மற்றும் அறிவியலாளர்களின் முதல் சர்வதேச மாநாட்டுக்கு அவர் அழைக்கப்பட்டார். இந்தியாவில் பெண் பொறியாளர்களுக்கான அமைப்பு அப்போது இல்லாததால், தனிப்பட்ட முறையிலேயே அவர் பங்கேற்றார்.

அம்மாநாட்டுக்குப் பிறகு, லண்டனில் இயங்கிய பெண்கள் பொறியியல் சங்கத்தில் 1965இல் முழு உறுப்பினரானார். 1967இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இரண்டாவது மாநாடு நடைபெற்றபோது, அதற்கான இந்தியப் பிரதிநிதியாகச் செயல்பட்டு, நாட்டின் பெண் பொறியாளர்களிடம் அச்செய்தியைக் கொண்டு சேர்த்தார். முதல் மாநாட்டுக்குத் தனியாகச் சென்றவர், இரண்டாவது மாநாட்டில் பிற இந்தியப் பெண்களும் இடம்பெற வழி அமைத்தார்.

அமைதியான நிறைவு: லலிதா மறுமணம் செய்துகொள்ளவில்லை. மகளை வளர்த்து, உயர்கல்வி பெறச் செய்தார். தனது வாழ்வில் நேர்ந்த இழப்பைத் தன் மகள் குறையாக உணராதவாறு அவர் வாழ்ந்தார். சுமார் முப்பது ஆண்டுகள் கல்கத்தாவில் பணியாற்றிய பின்னர், 1977இல் ஓய்வு பெற்றார். ஓய்வுக் காலம் நீண்டதாக அமையவில்லை. 1979ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் தேதி, தமது 60ஆவது வயதில் அவர் காலமானார்.

லலிதா எந்தப் புதிய விதியையும் கண்டுபிடித்தவர் அல்லர். ஏற்கெனவே அறியப்பட்ட விதிகளைக் கொண்டு, பிழையற்ற மின்பாதைகளை அமைக்க உழைத்த பொறியாளர் அவர். குழந்தை உறங்கும் நேரத்தில் தான் வீட்டில் இருக்க வேண்டும் என்ற ஒரு தாயின் எளிய தேவையிலிருந்தே அவரது தொழில் தேர்வு பிறந்தது. அத்தேர்வுக்கு இடமளித்த ஒரு தந்தை, ஒரு கல்லூரி முதல்வர், ஒரு கல்வி அதிகாரி ஆகியோரின் ஒப்புதலால் கிண்டியின் கதவு ஒருமுறை திறந்தது. அதன் பின்னர் அக்கதவு பெண்களுக்கு மூடப்படவே இல்லை. இன்று சென்னையிலும் ஹைதராபாத்திலும் மின் பொறியியல் வகுப்பில் அமர்ந்து, வோல்ட்டை ஆம்பியரால் வகுக்கும் மாணவி எவருக்கும் சான்றிதழில் சொல்லை அடித்துத் திருத்த வேண்டிய தேவை இல்லை.